பெயருக்கு ஒரு நிழற்குடை

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

போன வாரம் எங்கள் ஊரில் தாங்கள் திறந்துவைத்த பேருந்து நிழற்குடை பிரமாதம். ரிப்பன் வெட்டிய கையோடு தங்கள் பி.ஏ., பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் அம்மாவிடம், "பாட்டி, எந்திரிங்க, போட்டோல ஐயா பேரு மறையுது" என்றார். எழுபத்திரண்டு வயது, முட்டி தேய்ந்த மனுஷி. எழுந்துவிட்டார். ஐயா பெயர் மறையலாமா?

முகப்பில் ஒரு பெயர், முதுகுப்பக்கம் ஒரு பெயர், பக்கவாட்டில் கும்பிடும் படத்தோடு இன்னொரு பெயர். மூன்று பெயர்களும் சௌகரியமாகக் குடியிருக்கின்றன. நாங்கள் கொஞ்சம் தள்ளி வெயிலில் நிற்கிறோம். பஸ் அங்கேதான் நிற்கும். அங்கே ஒரு வேப்பமரம் இருந்தது. பெயரை மறைக்கிறது என்று வெட்டிவிட்டார்கள்.

கல்வெட்டின் அடியில் பொடி எழுத்தில் தொகுதி மேம்பாட்டு நிதி என்றிருக்கிறது. 1993இல் ஆளுக்கு 5 லட்சத்தில் தொடங்கிய திட்டம், இப்போது ஆண்டுக்கு 5 கோடி. தாங்கள் பரிந்துரைப்பீர்கள், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் தரும், பணம் எங்கள் வரி. பெயர் மட்டும் தங்கள் சொந்தச் செலவு.

அம்மா அன்று வந்தது முதியோர் உதவித்தொகையை உயர்த்தக் கேட்டு மனு கொடுக்க. மாதம் 1,200 ரூபாய் வருகிறது. அதில் ஒன்றிய அரசின் பங்கு 200. 2007இலும் 200, இன்றும் 200. தங்கள் சம்பளம் விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்டிருப்பதால், எந்த வெயிலிலும் நிற்காமல் 2025 மார்ச்சில் 1 லட்சத்திலிருந்து 1 லட்சத்து 24 ஆயிரமாக ஏறியது. அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு! ஏன், துவரம்பருப்பு உங்கள் வீட்டுக்கு மட்டும்தான் விலை ஏறியதா? 200 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் மாத்திரை வாங்கிப் பாருங்கள், தெரியும்.

மன்னிக்கவும். வெயில் தலைக்கேறிவிட்டது.

அந்த 200ஐயும் அதே குறியீட்டோடு கட்டச் சொல்லி மக்களவையில் ஒரு தடவை எழுந்து கேளுங்கள். அவைக்குறிப்பிலும் தங்கள் பெயர் வரும். ரிப்பன் செலவுகூடக் கிடையாது.

மனுவின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அசலை அன்றே பி.ஏ. வாங்கி, பொன்னாடைகளோடு சேர்த்துக் கார் டிக்கியில் போட்டார். பொன்னாடைகளை எடுக்கும்போது அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தொகுதி வாக்காளன்