13 ரூபாய்ப் புகழ்

குதிரைப்படையில் இருந்தவர் பின்னாளில் பிரதமராகிவிட்டால் அவர் வைத்த பாக்கிகூடப் பொக்கிஷம்தான். 1896இல் நான்காம் ஹுசார் படையோடு பெங்களூர் வந்த லெஃப்டினன்ட் வின்ஸ்டன் சர்ச்சில், அங்கே கிளப்புக்கு 13 ரூபாய் கொடுக்காமலே கிளம்பிவிட்டார். 1899இல் அதைப் பேரேட்டில் வராக்கடன் என்று எழுதித் தள்ளினார்கள். அந்தப் பேரேட்டைக் கிளப் இன்றும் பெருமையாகப் பாதுகாக்கிறது. ஐயாவின் கடிதங்களையும் காகிதங்களையும் 1995இல் பிரிட்டன் ஒரு கோடியே 25 லட்சம் பவுண்டு லாட்டரிப் பணம் கொடுத்து வாங்கியது.

இங்கே கெடாவில், மெர்போக் பக்கத் தோட்டங்களில் நம்மவர்களும் கடன்பட்டார்கள். எந்தக் கங்காணியும் அதை வராக்கடன் என்று எழுதியதாகக் கேள்வியில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான்காரனிடம் ஜித்ரா விழுந்து, குரூன் விழுந்து, கெடாவே கைவிட்டுப் போனபோது லண்டனில் பிரதமர் நம்ம பாக்கிக்காரர்தான். பிறகு அவன் தோட்டத் தமிழரைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனான். திரும்பாதவர் ஆயிரமாயிரம். அவர்களின் கடுதாசிக்கு எந்த லாட்டரியும் விழவில்லை.

மெர்போக்கில் அருங்காட்சியகம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. புக்கிட் பத்து பஹாட்டின் பழங்கோயிலே அங்கேதான். ஆயிரம் ஆண்டுக் கல்லுக்கு மரியாதை உண்டு. எண்பது வருஷக் கடுதாசிக்கு இன்னும் வயது பத்தாதோ என்னவோ!

அதுவரை, தாத்தாவின் தோட்டத்துப் போட்டோவைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தில் பெயர், தோட்டம், வருஷம் மூன்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.