ஐயா, நீங்க மியூட்ல இருக்கீங்க

2020 மார்ச் 25-ஆம் தேதி கொரோனாவுக்குப் பயந்து நாடு பூட்டிக்கொண்டபோது, தொலைக்காட்சிக்காரர்களை நினைத்து உண்மையிலேயே கவலைப்பட்டேன். எங்கள் மளிகைக் கடைக்காரர் வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டுச் சமாளித்துவிட்டார். கூட்டமாக உட்கார்ந்து, ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து பேசுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் எங்கே போய் வட்டம் போடுவார்கள்? படப்பிடிப்பு நின்றதும் சீரியல்கள் பழைய பகுதிகளைத் திரும்ப ஓட்டின. தூர்தர்ஷன் மார்ச் 28 முதல் ராமாயணத்தைத் தூசி தட்டி எடுத்துப் போட்டது. 14 வருஷ வனவாசத்தைப் பார்த்தபோது நம்முடைய 21 நாள் வீட்டுவாசம் பெரிதாகத் தெரியவில்லை. 21 நாளில் முடிந்துவிடும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தோம்.

நேரலையைத் தூசி தட்ட முடியாதே! இன்றைய சண்டையை இன்றைக்கே போட்டாக வேண்டும். முதலில் மாறியது மைக். நிருபர்கள் நீளக் குச்சியின் நுனியில் மைக்கைக் கட்டித் தூர நின்று நீட்டினார்கள். அமைச்சரிடம் பேட்டி எடுக்கிறார்களா, மாங்காய் பறிக்கிறார்களா என்று சட்டென்று சொல்ல முடியாது.

அடுத்தது இரவு விவாதம். நெறியாளர் மட்டும் ஸ்டூடியோவில். மற்ற நால்வரும் அவரவர் வீட்டிலிருந்து நாலு சன்னலில். ஒருவருடைய சன்னலில் பாதிக்கு மேல் மின்விசிறி. இன்னொருவர் போனை மேசையில் படுக்க வைத்ததால், கட்சியின் நிலைப்பாடு முழுவதையும் மூக்குத் துவாரம் வழியாகவே கேட்டோம். வழக்கறிஞருக்குப் பின்னால் தடித்தடியாகச் சட்டப் புத்தகங்கள். அவர் என்ன பேசினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. “ஒரு புஸ்தகமாவது கலைஞ்சிருக்கா பாரு, இவர் எங்க படிச்சார்?” என்பதோடு அம்மாவின் சட்ட ஆராய்ச்சி முடிந்தது. பொருளாதார நிபுணர் வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் அவர் கண் அடுப்படிப் பக்கம் போனது. நாட்டின் வளர்ச்சி விகிதம் பாதியில் நின்றது.

ஆனால் நடந்த அதிசயம் வேறு. ஸ்டூடியோவில் குறுக்கே விழுந்து பேச, எதிராளி வாயைத் திறந்த கணமே குரல் காதில் விழ வேண்டும். இணையத்தில் அது தாமதமாகத்தான் வந்து சேரும். “பச்சைப் பொய்!” என்று இவர் கத்தும்போது, அந்தப் பொய்யைச் சொன்னவர் அதை முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, “நீங்க சொல்லுங்க”, “இல்ல, நீங்க சொல்லுங்க” என்று உபசரித்துக்கொள்வார்கள். பேரவைத் தலைவர் யாராலும் சாதிக்க முடியாததை மோசமான வைஃபை சாதித்தது. அதையும் மீறிக் கத்தியவரை நெறியாளர் மியூட் செய்தார். வாய் அசைகிறது, விரல் ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. அப்பா ரிமோட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னடா ஆச்சு இவங்களுக்கு? ஒவ்வொருத்தரா பேசுறாங்க!”

கைதட்டலை நம்பிப் பிழைத்த நிகழ்ச்சிகள்தான் பாவம். செப்டம்பர் 28-இல் தொடங்கிய அமிதாப் பச்சனின் வினாடி வினா நிகழ்ச்சியான ‘கோன் பனேகா குரோர்பதி’யில் பார்வையாளர்களே கிடையாது. அரங்கத்தில் வாக்கெடுக்கும் உதவியையும் எடுத்துவிட்டு, நண்பரை வீடியோவில் கூப்பிடச் சொன்னார்கள். ஐபிஎல் போட்டிகள் அமீரகத்தின் காலி மைதானங்களில் நடந்தன. கூட்டத்தின் ஆரவாரத்தைப் பதிவிலிருந்து எடுத்து ஒலிபரப்பில் சேர்த்தார்கள். சென்னை அணி முதல்முறையாக பிளே-ஆஃப் எட்டாத வருஷம் அது. ஆள் வந்து உட்கார்ந்திருந்தால் அத்தனை உற்சாகமாகக் கத்தியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் எம்மி தொலைக்காட்சி விருது விழா எல்லோரையும் மிஞ்சியது. செப்டம்பர் 20-ஆம் தேதி தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் மேடையில் பேசப் பேச, நட்சத்திரங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அரங்கமே காலி என்று காட்டினார்கள். சிரித்ததெல்லாம் பழைய விழாக்களின் ஆட்கள். பரிந்துரைக்கப்பட்டவர்கள் வீட்டிலேயே கேமரா முன் காத்திருக்க, கோட்டுசூட்டு மாதிரி தைத்த முழுக்கவச உடையில் ஆட்கள் விருதை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த நாட்களில் சென்னையில் கவச உடைக்காரர் வாசலில் நின்றால் விருதா வரும்? தெருவை அடைக்கத் தகரம்தான் வரும்.

இப்போது எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. விருந்தினர்கள் ஸ்டூடியோவுக்குத் திரும்பி, நெருக்கமாக உட்கார்ந்து, நாலு பேரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். நெறியாளப் பெருமக்களே, நாற்காலிகளை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மியூட் பொத்தானை மட்டும் தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள்.