புதுசா, பழசா?

உ

ஹூஸ்டன், டெக்சாஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிற வீடியோவைத் தம்பி அனுப்பியிருந்தான். சந்தோஷம்.

“அங்க ஆளுக்கொரு துப்பாக்கி வெச்சிருக்கானாமே, நீயும் வாங்கிட்டியா?” என்று போனில் கேட்டீர்கள். பதிலைப் போனில் சொன்னால் உங்கள் மருமகள் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

கூட வேலை பார்க்கும் கும்பகோணத்துக்காரர் ஒருவருக்குத் திடீரென்று தற்காப்பு ஞானம் வந்துவிட்டது. கிரீன் கார்டு வந்த கையோடு கைத்துப்பாக்கியும் வேண்டுமாம். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். இங்கே 21 வயது ஆகியிருந்தால் கடையில் வாங்கலாம். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் அதை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் போகப் பெரும்பாலோருக்கு லைசென்ஸும் தேவையில்லை. நாங்கள் போகும் கோயில் வாசலில் “செருப்பை இங்கே விடவும்” பலகைக்குப் பக்கத்திலேயே “துப்பாக்கியோடு உள்ளே வராதீர்கள்” என்று இன்னொரு பலகை தொங்குகிறது.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே “புதுசா, பழசா?” என்பதுதான். புது கிளாக் என்றால் 500, 600 டாலர் ஆகும். பழசு அதைவிட மலிவு. அதிலும் போலீஸ் இலாகா புது மாடலுக்கு மாறும்போது கழித்துவிட்ட துப்பாக்கிகளுக்குத்தான் கிராக்கி. உறையில் உரசி உரசி வெளிப்பூச்சு வெளுத்திருக்கும், ஆனால் சுட்டது குறைவு என்பதால் உள்ளே அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. கடைக்காரர் மேகசினைக் கழற்றி, மேல்பாகத்தை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டுத்தான் மேஜைமேல் வைத்தார். நம்மவர் சந்தையில் மாட்டுப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் குழலுக்குள் டார்ச் அடித்து, திருகு வரிகள் மழுங்கியிருக்கின்றனவா என்று பார்த்தார். இன்னொரு ரிவால்வரின் உருளையை ஆட்டிப் பார்த்து, “லூசா இருக்கே” என்று ஐம்பது டாலர் குறைக்கச் சொன்னார். கும்பகோணம் கும்பகோணம்தான்!

கடையில் வாங்கினால், புதுசானாலும் பழசானாலும் 4473 என்றொரு படிவம் உண்டு. “நீங்கள் தேடப்படும் குற்றவாளியா? ஆம், இல்லை” என்று அதில் கேட்டிருக்கிறார்கள். “ஆம்” என்று எழுதுகிற யோக்கியனை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். பிறகு எஃப்.பி.ஐ. கணினியில் பெயரைச் சரிபார்க்கிறார்கள். பெரும்பாலும் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் இந்த ஊர்க்காரர் ஒருவர் தன் பழைய துப்பாக்கியைத் தானே இன்னொருவருக்கு விற்றால் அந்தச் சோதனையும் கட்டாயமில்லை. பழைய கார் வாங்கினால் பெயர் மாற்ற அலுவலகத்துக்கு அலைய வேண்டும். பழைய துப்பாக்கி கைக்குக் கை மாறிவிடும்.

நம்மூரில் கதையே தலைகீழ். 1959 ஆயுதச் சட்டப்படி மனுப் போட்டு, போலீஸ் விசாரணை முடிந்து, லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் ஆசையே அடங்கிவிடும். கிடைத்தாலும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். விலையிலும் வேடிக்கை உண்டு. 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால், தாத்தா காலத்து வெப்லி ஸ்காட் ரிவால்வர் நம் நாட்டில் லட்சக்கணக்கில் போகிறது. கான்பூர் ஆர்டினன்ஸ் தொழிற்சாலையின் புது ரிவால்வர் அதைவிட மலிவு. பழசுக்கு மவுசு அதிகம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

நம் பக்கத்து ஆட்களுக்குத் துப்பாக்கி விஷயத்தில் எப்போதுமே தெளிவு உண்டு. ஏரிக்கரை உடையாமல் காத்தாரே ஏரிகாத்த ராமர், அந்தக் கதையில் வருகிற வெள்ளைக்காரக் கலெக்டர் லயனல் பிளேஸிடம்தான் வேடந்தாங்கல்காரர்கள் போய், வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டார்கள். 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதியே வாங்கிவிட்டார்கள். இன்றைக்கும் தீபாவளிக்கு அங்கே வெடிச்சத்தம் கேட்காது. அந்த மண்ணுக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு, நான் எந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது?

கும்பகோணத்தார் கடைசியில் போலீஸ் கழித்த பழசையே வாங்கினார். அதைப் பூட்டி வைக்க வாங்கிய இரும்புப் பெட்டி மட்டும் புதுசு. நான் சும்மா திரும்பிவிட்டேன். இந்த நாட்டில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்கிறது அரசுக் கணக்கு. 2021-ல் 48,830 பேரில் 26,328 பேர். திருடனுக்கென்று வாங்கி வைப்பது, மனம் கலங்கிய வேளையில் வீட்டு ஆள் கைக்குத்தான் முதலில் எட்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குப் புதுசும் வேண்டாம், பழசும் வேண்டாம்.

பொங்கலுக்கு வருகிறோம். பேரன்களை வேடந்தாங்கலுக்கு நீங்கள்தான் அழைத்துப்போக வேண்டும். பைனாகுலர் நான் வாங்கி வருகிறேன், புதுசாகவே. சித்திக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்