அறுகோணம் போட்ட பந்தி

கேள்வி: ஊரே ஒரே நேரத்தில் செல்போனில் பேசுகிறதே, அலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாதா?

பதில்: மோதும். மோதவிடாமல் காப்பது கணக்கு! ஜிஎஸ்எம் 900 என்ற செல்போன் முறைக்குக் கிடைத்தவை 124 அலைவரிசைகள்தான். அதை வைத்துக்கொண்டு பெருநகரத்தையே பேசவைக்க வேண்டும். இதற்கு 1947-லேயே பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் வழி சொன்னார்: ஊரை அறுகோணங்களாகப் பிரி, பக்கத்துக் கட்டத்துக்கு வேறு அலைவரிசை, தூரத்துக் கட்டத்துக்குப் பழையதே. ஒரே பெயருள்ள இரண்டு மாப்பிள்ளைகளைப் பந்தியில் தள்ளித் தள்ளி உட்காரவைப்பதுபோல.

எல்லா அலைவரிசைகளையும் ஒருமுறை பங்கிட்டுக்கொள்ளும் கட்டங்கள் ஒரு தொகுப்பு. அதற்கு எத்தனை கட்டம்? 3, 4, 7, 9 வரும். 5, 6 போன்றவை கெஞ்சினாலும் வராது. அறுகோணம் இடம் கொடுக்காது. என்ன அழகான பிடிவாதம்!

நிஜ ஊரில் மலையும் மாடிக் கட்டடமும் குறுக்கே நிற்கும். அங்கே கோபுரங்களைப் புள்ளிகளாக்கி, இடைஞ்சல் செய்துகொள்ளும் இரண்டைக் கோட்டால் இணைத்து, இணைந்தவற்றுக்கு வேறு வேறு வண்ணம் தீட்ட வேண்டும்; வண்ணம் என்பது அலைவரிசை. 20 கோபுரம், 10 அலைவரிசை என்றாலே 1-க்குப் பின்னால் 20 சுழியம் போட்ட அளவுக்கு வழிகள். அத்தனையையும் கணினி பார்ப்பதில்லை. ஒரு கோபுரத்தின் அலைவரிசையை மாற்றிப் பார்க்கும். இடைஞ்சல் குறைந்தால் வைத்துக்கொள்ளும். சில சமயம் கூடினாலும் ஏற்கும், ஒரே இடத்தில் சிக்கிவிடாமல் இருக்க.