ஓசூர் வட்டாரக் கன்வர்ட்டர் பிணிகளும் தீர்வும்: செருகியல் நோக்கில் ஓர் ஆய்வு

தமிழில் கல்வெட்டியல் உண்டு, சுவடியியல் உண்டு, நாணயவியல் உண்டு. செருகியலுக்கு மட்டும் எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் இருக்கை ஒதுக்கவில்லை. யூ.எஸ்.பி. துளையில் ஒரு பொருளைச் செருகுவது, வேலை செய்யாதபோது பிடுங்குவது, வாயால் ஊதுவது, மறுபடி செருகுவது ஆகிய நான்கு வினைகளையும் முறைப்படி ஆராயும் துறை இது. ஆய்வுக் களம், ஓசூர் சிப்காட்டையும் சிட்கோவையும் ஒட்டிப் பெருகிய ஜாப் ஒர்க் பட்டறைகள். ஆய்வுப் பொருள், யூ.எஸ்.பி.யை சீரியலாக மாற்றும் சிறு போர்டு. பட்டறை வழக்கில் வெறும் ‘கன்வர்ட்டர்’.

இப்பொருளின் தேவை கால முரணில் பிறந்தது. ஆர்.எஸ்.-232 தரம் 1960இல் வந்தது. யூ.எஸ்.பி. வந்தது 1996இல். பட்டறையில் நிற்கும் பழைய ஃபனக் கண்ட்ரோல் போட்ட சி.என்.சி. மெஷினுக்கு முன்னது மட்டுமே தெரியும். முதலாளி மகன் வாங்கிவந்த லேப்டாப்புக்குப் பின்னது மட்டுமே தெரியும். பல லட்ச ரூபாய் மெஷினும் பல ஆயிரம் ரூபாய் லேப்டாப்பும் பேசிக்கொள்ள வேண்டுமானால், சில நூறு ரூபாய்ச் சாதனம் மனம் வைக்க வேண்டும். மனம் வைக்காத நாளில் கேட்பது இது:

“கன்வர்ட்டர் போயிடுச்சுணா.”

“லைட் எரியுதா?”

“எல்லாம் எரியுது. புரோகிராம்தான் ஏற மாட்டேங்குது.”

இந்த நோய்க்கு மருத்துவம் சொல்வோரில் மூன்று மரபினர் உளர். ஊதும் மரபினரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஊதுகிறார்கள். எஸ்.பி. ரோடு மரபினர் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, ஓசூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் போய், பெங்களூரின் எஸ்.பி. ரோட்டில் அதே போர்டை வேறு நிறத்தில் வாங்கி வருவார்கள். டிரைவர் மரபினரே கோட்பாட்டு வலிமை உடையவர்கள். எல்லாப் பிணிக்கும் மூலம் டிரைவரே என்பது அவர்கள் சித்தாந்தம்.

அவர்களுக்குச் சான்றில்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் தன் சிப்பின் போலிகளால் நொந்து, 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவரை அனுப்பியது. அது போலிச் சிப்பின் அடையாள எண்ணைச் சுழியமாக்கிவிட்டது. சிப் சாகவில்லை, பெயரிழந்தது. கணினிக்கு அது யாரென்றே தெரியாமல் போனது. கண்டனம் கிளம்பவே நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. 2016இல் உத்தி மாறியது. போலியைக் கண்டால் நாம் அனுப்பும் தகவலுக்குப் பதிலாக ‘அசலல்லாத சாதனம் கண்டறியப்பட்டது’ என்ற ஆங்கில வாசகத்தை டிரைவரே மறுமுனைக்கு அனுப்பும். ஒரு லேத் அந்த வாசகத்தை ஜி-கோடாக எடுத்துக்கொண்டு கடைந்தால் என்ன உருவம் வரும் என்பது தனி முனைவர் பட்டத்துக்குரிய தலைப்பு. தைவானின் ப்ரோலிஃபிக் இன்னும் நயமானது: இந்தச் சிப் 2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரை அணுகவும் என்று டிவைஸ் மேனேஜரிலேயே எழுதிக்காட்டும். பில் இல்லாமல் விற்றவரை எங்கே போய் அணுகுவது?

ஆனாலும் டிரைவர் ஒன்றே காரணம் என்பது ஏற்கத்தக்கதன்று. டிரைவரைக் கழற்றிப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு துண்டுக் கம்பி போதும். கன்வர்ட்டரின் ஒன்பது முள் முனையில் 2ஆம் முள்ளையும் 3ஆம் முள்ளையும் சேர்த்து, ஃப்ளோ கண்ட்ரோலை அணைத்துவிட்டு, டெர்மினல் மென்பொருளில் எதையாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் டிரைவர், சிப், கன்வர்ட்டரின் கேபிள் மூன்றும் நலம். பிறகு கம்பியை எடுத்துவிட்டும் தட்ட வேண்டும். அப்போதும் எழுத்து வந்தால் அது மென்பொருள் தானே காட்டும் பொய் எதிரொலி. இந்த இரண்டாம் பாதியைச் செய்வோர் அரிது.

அடுத்து மல்ட்டிமீட்டர். ஆர்.எஸ்.-232இல் ஒன்று என்பது மைனஸ் வோல்டேஜ், சுழியம் என்பது பிளஸ். எனவே சும்மா இருக்கையில் 3ஆம் முள், 5ஆம் முள்ளான கிரவுண்டைப் பார்த்து, மைனஸ் மூன்றுக்கும் கீழே நிற்க வேண்டும். மைனஸ் ஐந்து, ஆறு என்றால் நிம்மதி. சுழியம் காட்டினால், வோல்டேஜை உயர்த்தும் பகுதியை உற்பத்தியாளர் மிச்சம்பிடித்திருக்கிறார். பிளஸ் ஐந்து காட்டினால் அது டி.டி.எல். போர்டு, மெஷினில் செருகவே கூடாது.

இரண்டிலும் தேறிய கன்வர்ட்டர், சிறு புரோகிராமை ஏற்றிவிட்டு, நீளமான மோல்டு புரோகிராமில் மட்டும் சில சமயம் ஃபனக் மெஷினை 087 அலாரம் அடிக்கவைக்கும். செருகியலின் உச்சப் புதிர் இதுதான். மெஷின் தன் பை (பஃபர்) நிறைந்ததும் ‘நிறுத்து’ என்று எக்ஸ்-ஆஃப் அனுப்பும். அதன்பின் சுமார் பத்து எழுத்து வரை பொறுக்கும், மேலே வந்தால் அலாரம். கணினி நிறுத்திவிடும். ஆனால் கன்வர்ட்டரின் வயிற்றில் ஏற்கெனவே விழுங்கிய எழுத்துகள் இருக்கும், எஃப்.டி.232ஆர் சிப்பில் அந்தப் பை 128 பைட். எக்ஸ்-ஆஃப் கேட்டால் நிற்கும்படி டிரைவரில் சொல்லிவைக்காவிட்டால் சிப் அதை நிற்காமல் கொட்டித் தீர்க்கும். பழைய லேப்டாப்பில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்குக் காரணம், அதன் சீரியல் போர்ட்டில் இருந்த பை வெறும் 16 பைட். எக்ஸ்-ஆஃப் கேட்டதும் சிப்பே நின்றுகொள்ளும் வகையை வாங்கி, மென்பொருளிலும் டிரைவரிலும் எக்ஸ்-ஆன்/எக்ஸ்-ஆஃப் தேர்ந்தால் புதிர் தீரும். வேகத்தைக் குறைத்தால் மெஷினின் பை நிறைவது குறையலாம்; நிறைந்துவிட்டால், மெதுவாகக் கொட்டினாலும் 128 எழுத்து 128 எழுத்துதான்.

மேம்பாடு என்று சொன்னால் முதலிடம் ஐசொலேஷனுக்கு. பக்கத்து ஷெட்டில் வெல்டிங் செட் ஓடும், இந்தப் பக்கம் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. இரையும், லேப்டாப் சார்ஜர் ஒரு எர்த்திலும் மெஷின் இன்னொரு எர்த்திலும் இருக்கும். அந்த வித்தியாசமெல்லாம் கிரவுண்டு கம்பி வழியாகப் பாயும். போர்ட் எரிவது பெரும்பாலும் இப்படித்தான். மின்தொடர்பைத் துண்டித்துத் தகவலை மட்டும் கடத்தும் ஐசொலேட்டட் கன்வர்ட்டர் விலை கூடுதல். மெஷினின் ஐ.ஓ. போர்டு விலையைக் கேட்டவர்களுக்கு அது கூடுதலாகத் தெரியாது. அதை வாங்கும்வரை லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் வைத்துப் புரோகிராம் ஏற்றலாம், செலவில்லை.

இரண்டாவது மேம்பாடு ஒரு ஸ்டிக்கர். தனி வரிசை எண் இல்லாத சிப்பைத் துளை மாற்றிச் செருகினால் கணினி அதற்குத் தரும் காம் போர்ட் எண்ணும் மாறும். நேற்று காம் 3, இன்று காம் 7. ஆகவே எந்தத் துளை, எந்தக் காம் எண் என்று எழுதி லேப்டாப்பில் ஒட்டுங்கள். மெஷினுக்கு என்ன செட்டிங் என்பதை (உதாரணமாக 4800, ஏழு பிட், ஈவன், இரண்டு ஸ்டாப்) மெஷின் கதவிலேயே ஒட்டுங்கள். அந்த செட்டிங்கை வைத்தவர் வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.