பழைய மெட்டு, புது வேகம்

கேள்வி: சில ஆல்பங்கள் மட்டும் எல்லா வகை இசைக்காரர்களையும் ஆட்டிப் படைக்கின்றனவே, எப்படி? (வாசகி, தஞ்சோங் டாவாய், கெடா)

பதில்: வெளியூர் உதாரணம் எதற்கு? நம் நாட்டு யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 2006இல் போட்ட 'வல்லவன்' இருக்கிறதே! அதில் 'மடை திறந்து' கேளுங்கள். 'நிழல்கள்' (1980) படத்துக்காக இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது, வாய்ப்புக்கு ஏங்கும் இசைக்கலைஞனின் கனவு. அந்த மெட்டுக்கு நடுவே ராப்பை இறக்கினார்கள். அம்மாவுக்கு ராஜா பாட்டு, மகனுக்கு ராப். வீட்டில் சண்டையே இல்லை!

ராப் என்றால் ஆங்கிலம்தான் என்ற நினைப்பும் அதோடு போயிற்று. எதுகையும் மோனையும் கொட்டிக் கிடக்கும் மொழிக்கு ராப் வராதா என்ன? கோடம்பாக்கமும் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில், எம்.எஸ்.வி.யின் 'எங்கேயும் எப்போதும்' புது வடிவில் வந்தபோது, எஸ்.பி.பி.யோடு யோகி பி குரலும் சேர்ந்தது. 2017இல் 'விவேகம்' படத்துக்கு அனிருத்தும் அவரை அழைத்தார்.

முன்னோர் பாட்டை மதித்து, அதில் தன் காலத்தையும் துணிந்து சேர்க்கும் ஆல்பத்துக்குத்தான் இந்த வலு. முதலில் 'நிழல்கள்' பாட்டு, அப்புறம் 'வல்லவன்'. இந்த வரிசையில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.