டிக்யபாவம்: வண்டியோடு வெளித்தங்குவார்க்குரிய உபகரணங்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

இல்லாமை என்பதும் ஒரு பதார்த்தமே என்று வாதித்து, குடம் வனையப்படுவதற்கு முன் அது இல்லாதிருப்பதைப் பிராகபாவம் என்றும், உடைந்தபின் இல்லாதிருப்பதைப் பிரத்வம்ஸாபாவம் என்றும், ஓரிடத்தில் எக்காலத்தும் இல்லாதிருப்பதை அத்யந்தாபாவம் என்றும், குடம் துணியாக இல்லாதிருப்பதை அந்யோந்யாபாவம் என்றும் நாமகரணம் செய்துவைத்த நையாயிகர்கள், சென்னையை அடுத்த பெரும்பாக்கத்திலிருந்து குடும்ப சமேதராய் வேனில் ஏறிக் குலதெய்வத்தின் கோயிலுக்குச் சென்று ஓரிரவு வெட்டவெளியில் தங்கி வந்திருப்பார்களேயானால், ஐந்தாவதாக ஓர் அபாவத்தையும் தம் பட்டியலில் சேர்த்திருப்பார்கள் என்பது என் துணிபு. தீப்பெட்டி வண்டியில் இருக்கிறது, வைத்தவருக்கு வைத்த ஞாபகமும் இருக்கிறது, அத்தை கேட்கிறாள், "அடியில இருக்கு அத்தை, இதோ எடுத்துடறேன்" என்ற பதிலும் வருகிறது, அடுப்பு மாத்திரம் எரிவதில்லை. உள்ளதாயிருந்தும் எடுக்க இயலாமையால் இல்லாததாகிவிட்ட இந்த நிலையை, டிக்கியோடு அபாவத்தைப் புணர்த்தி, வடமொழிச் சந்தி விதியை அனுசரித்து, டிக்யபாவம் என்று வழங்குவோமாக.

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பெற்ற ஊர் பெரும்பாக்கம் ஆதலின், இவ்வூரிலிருந்து எழுதப்படும் எதுவும் கொஞ்சமேனும் ஆராய்ச்சி வாசனையோடு இருக்கவேண்டும் என்ற கூச்சம் எனக்கு உண்டு. இவ்வூரின் அடுக்குமாடிகளில் குடியிருப்போரிற் பலருக்குக் குலதெய்வம் வேறெங்கோ தெற்கே, ஒரு கண்மாய்க்கரையிலோ பனங்காட்டிலோ, விடுதியும் ஓட்டலும் இல்லாத இடத்தில் எழுந்தருளியிருப்பதனால், ஆடி பிறந்ததும் வேன் பேசி, வண்டலூரைக் கடந்து, பரனூர்ச் சுங்கச்சாவடியில் அரைமணி நின்று, விடியுமுன் போய்ச் சேர்ந்து, பொங்கலிட்டு, அங்கேயே உறங்கி மறுநாள் திரும்புகிற ஒரு வழக்கம் நிலைபெற்றிருக்கிறது. மேல்நாட்டார் வாகன வெளித்தங்கல் என்று பெயரிட்டுப் பெருங்கலையாக வளர்த்திருப்பதும் ஏறத்தாழ இதுவே. அவர்களிடம் கடா வெட்டு மட்டும் இல்லை.

பூர்வபட்சத்தார் சொல்வது என்னவெனில், வெளித்தங்கலுக்கென்றே தயாரிக்கப்பட்ட சாமான்கள் இப்போது கடைதோறும் கிடைக்கின்றன. மடக்கு நாற்காலி, மடக்கு மேஜை, ஒன்றினுள் ஒன்று அடங்கும் பாத்திரங்கள், உதறினால் தானே விரியும் கூடாரம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டால் கவலையில்லை என்பதாம். இது விசாரிக்கத்தக்கது. தானே விரியும் கூடாரம் தானே மடங்குவதில்லை. அதனை மடக்கும் முறை அறிந்த ஒரே மருமகன் அந்நேரம் குளிக்கப் போயிருப்பான். மடக்கு நாற்காலியோ அதனினும் பெரிய உபத்திரவம். பத்துப்பேர் கொண்ட குடும்பத்தில் இரண்டு நாற்காலிகளை விரித்த மாத்திரத்தில், பெரியப்பா அமர்வதா, சம்பந்தி அமர்வதா, முழங்கால் வலியுள்ள சித்தி அமர்வதா என்னும் முறைமைச் சிக்கல் தோன்றி, ஒருவர் மற்றவரை உபசரிப்பதிலேயே பொழுது போய், கடைசியில் அவ்விரண்டிலும் ஈரத்துண்டுகள் காயப்போடப்படுவதைக் காண்கிறோம். பாய் விரித்த இடத்தில் இந்தச் சிக்கல் எழுவதேயில்லை.

இனி நம் முன்னோர் இவ்விஷயத்தில் கண்ட முடிபைப் பார்ப்போம். உப்பு வண்டிகளை ஓட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்நாடுகளுக்குக் குடும்பத்தோடு பயணம்போன உமணரைவிட இத்துறையில் அநுபவசாலிகள் தமிழ்நாட்டில் இருந்ததில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அவ்வண்டி ஒன்றை நுணுக்கமாக வருணித்திருக்கிறார்: வாயிலில் கோழிக்கூடு, பெண்யானையின் முழங்காலை ஒத்த சிறிய உரல் ஒன்று வெளியே கட்டித் தொங்குகிறது, காடிக் கலம் வண்டியின் முகப்பில் வைக்கப்பட்டிருக்கிறது, கைக்குழந்தையை உடைய தாய் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். ஆராய்ச்சியாளர் கவனிக்க வேண்டியது, இவற்றில் ஒன்றேனும் மூட்டைகளுக்கு அடியில் இல்லை என்பது. மிகுதியாக வேண்டப்படுவது வாயிலிலும், உடனே வேண்டப்படுவது முகப்பிலும், இடத்தை அடைப்பது வெளிப்புறத்திலுமாகப் பகுக்கப்பட்டிருக்க, விற்பனைச் சரக்காகிய உப்பு மட்டுமே நடுவயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தது. வழியில் வேண்டாததே உள்ளே போயிற்று. உரலைத் தொங்கவிட்டவன் எவனோ, அவனே டிக்யபாவத்தை முதன்முதல் உணர்ந்து பரிகாரம் கண்டவன்.

புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழுங்கால், மேட்டிலும் பள்ளத்திலும் வண்டிக்கு என்ன நேருமோ என்றெண்ணி உமணர் கீழ்மரத்திலே கட்டிவைத்த சேம அச்சை அவனுக்கு உவமையாக்கினார். ஓர் இளவரசனை ஸ்டெப்னிக்கு ஒப்பிட்டுப் பாடி, அது புகழ்ச்சியாகவே கொள்ளப்பட்டதென்றால், அக்காலத்தில் ஸ்டெப்னிக்கு இருந்த மதிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கட்டிய இடமும் முக்கியம்: வண்டிக்குக் கீழே, வெளியே. இருபது நூற்றாண்டு முன்னேற்றத்தின் பயனாக இன்றைய சிறிய கார்களில் மாற்றுச் சக்கரம் டிக்கித் தரைக்கு அடியில் படுத்திருக்கிறது. நடுவழியில் டயர் பஞ்சரானால், புளியோதரைத் தூக்கு, மாற்றுத்துணி, பொங்கல் பானை, பிரசாதத்துக்கான தேங்காய்கள் அனைத்தையும் சாலையோரத்தில் கடைபோலப் பரப்பிய பின்னரே அதன் தரிசனம் கிட்டும். பெரிய வண்டிகள் சிலவற்றில் அது இன்னும் அடிவயிற்றில் தொங்குகிறது; வண்டி வாங்குவோர் இருக்கையின் தோலைத் தடவிப் பார்ப்பதை விட்டு, குனிந்து இதைப் பார்ப்பார்களாக.

உமணர் அடுப்பைச் சுமந்து சென்றாரில்லை. கல் கூட்டிச் சமைத்துவிட்டு அவர்கள் போட்டுவிட்டுப் போன அடுப்பில், பின்னே வந்த வில்லேந்திய ஆடவர் ஊன் சமைத்த செய்தி அகநானூற்றில் உண்டு. குலதெய்வம் கோயில் வாசலில் மூன்று செங்கல்லும் சுள்ளியும் இன்றும் போதுமானவை. காற்றுக்கு மறைப்பாக நிற்க ஒரு கொழுந்தனார் இருந்தால் விசேஷம். காப்பிக்கென்று சிறிய கேஸ் சிலிண்டரை எடுத்துச் செல்வோருக்கு மாத்திரம், நகைச்சுவையை ஒருபுறம் வைத்துவிட்டு ஒன்று சொல்லவேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் வண்டியின் தரையிலேயே தேங்கி நிற்கும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் தங்கியிருந்த பெட்டி ஒன்று மதுரை ரயில் நிலையத்தருகே தீப்பற்றி 9 பேர் மாண்டதற்கு, விதியை மீறி ஏற்றி வந்த சிலிண்டரே காரணமாயிற்று. வண்டிக்குள் அடுப்பு மூட்டுவதும், கதவடைத்து எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யில் உறங்கி நச்சுவாயுவுக்கு இடங்கொடுப்பதும் எந்தச் சாமானாலும் சரிசெய்ய முடியாத பிழைகள்.

படுக்கை விஷயத்தில் ஆசாரியர்கள் இரு பிரிவினர். பவானி ஜமக்காளமே போதும் என்பர் ஒருசாரார். குடும்பம் முழுதும் ஒன்றிலே படுக்கலாம் என்பது மெய்தான், ஆயினும் பனியில் நனைந்த ஜமக்காளத்தைப் பிழிய இரண்டு ஆள் வேண்டும், அது காய்வதும் பெரும்பாக்கத்து மொட்டைமாடியில்தான். கோரைப்பாயே போதும் என்பர் மற்றொரு சாரார். அது ஈரத்தை எளிதில் மேலே விடாது, சுருட்டினால் வண்டியின் மூலையில் தானே நிற்கும், ஆனால் முதுகெலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிக் காட்டும். பாய் கீழும் ஜமக்காளம் மேலுமாக விரிப்பதே சித்தாந்தம்.

ஆனால் உபகரணங்களுக்கெல்லாம் சக்கரவர்த்தினி என்று நான் முடிசூட்டுவது பழைய நூல்சேலையைத்தான். ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்துக்கு, இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் உள்ள மாமல்லபுரக் கடற்கரையில் இருளர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து கூடி, கன்னியம்மனை வழிபட்டு, மணமும் பேசி முடிக்கிறார்கள். அன்று மணலிலே எழும் அந்த ஊரின் சுவர்களிற் பெரும்பாலானவை சேலைகளே. நான்கு கழி, ஒரு சேலை, வேண்டுமானால் மேலே ஒரு தார்ப்பாய். அவ்வளவில் வீடு முடிந்தது. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள அந்தத் துணி பகலில் பந்தல், இரவில் போர்வை, குழந்தைக்குத் தூளி, பெண்கள் உடை மாற்ற மறைப்பு, திரும்பும்போது பாத்திர மூட்டை. மடித்தால் தலையணைக்குள் அடங்கும். இத்தனை தொழில் செய்யும் கூடாரத்தை எந்தக் கடையிலாவது கண்டவர்கள் எனக்கு அறிவிக்கலாம்.

தண்ணீரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வண்ணப் பிளாஸ்டிக் குடம் லாரித் தண்ணீர் வரிசைக்கே உரியது. ஓடும் வேனில் அது முதல் வேகத்தடையிலேயே தன் பாதியைச் சித்தியின் புடவைக்குத் தானம் செய்துவிடும். 20 லிட்டர் கேன் நிறைந்தால் இருபது கிலோவுக்குக் குறையாதாகையால், இறக்காமலே பிடிக்கும்படி குழாய் பொருத்திக் கதவோரம் நிறுத்துவது முறை. ஓர் எவர்சில்வர் சொம்பு அதன் கழுத்திலே தொங்கட்டும். புதியனவற்றுள் மனமாரப் பாராட்டத்தக்கது நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்றே: கைபேசி வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்குபவர்க்கு ஒரு கை எப்போதும் குறைவு. கொசுவைப் பொறுத்தமட்டில், 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அயலில் வாழும் நமக்கு எவ்வூர்க் கொசுவும் புதிதன்று.

ஈண்டு ஒரு கிளைச்செய்தி. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்தார் தம் கார்களை மேம்பாலங்களின்மேல் வரிசையாக நிறுத்திவிட்டு வீடு திரும்பினார்கள். மனிதரில்லாமல் வாகனங்கள் மட்டும் தனியே வெளித்தங்கிய இந்நிகழ்ச்சி எம் ஆராய்ச்சியின் எல்லைக்குப் புறம்பானதாகையால், வருங்கால ஆராய்ச்சியாளர்க்கு விட்டுவிடுகிறேன்.

எந்தச் சாமானை வாங்குவது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, முதலில் எதையும் வாங்காதீர்கள் என்பதே. ஆடி பிறக்குமுன் ஓர் இரவில், எடுத்துச்செல்ல நினைத்ததை எல்லாம் ஏற்றிய வண்டியைக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் நிறுத்தி, விளக்குகளை அணைத்து, தீப்பெட்டி, கத்தி, உப்பு, சொம்பு, குழந்தையின் மருந்து ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்; கேட்டவுடன் கைக்கு வந்தது வண்டியில் இருக்கட்டும், வராததை வேறிடத்துக்கு மாற்றுங்கள், இரண்டாம் முறையும் வராததை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். காவலாளிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.